ஐநூறுக்குள் ஓட வேண்டிய ஏசி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. லீவுக்கு வந்திருந்த மகள். மாப்பிள்ளை. அவர் படுத்திருந்த அறையில் ஏசி.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் வெந்தவன் நான். ரிட்டயர் ஆனதும் அந்த ஏசியை வாங்கினேன். மனைவி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"ரெண்டு மாசத்துக்கு ஐநூறு யூனிட். ஒரு தடவை தாண்டினாலும் கழட்டி பொண்ணு வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

தாண்டினால் ரேட் ஏறும் என்பது அவள் கவலை. ஏசி போனால் தூக்கம் போகும் என்பது என் கவலை.

மீட்டரில் கேடபிள்யூஹெச் என்று வரும். ஸ்ரீரங்கத்தில் அது யூனிட்தான். ரீடிங் எடுக்கிற அம்மா அன்றைக்கு வர வேண்டும். காலையில் போன ரீடிங்கைக் கழித்துப் பார்த்தேன். 494. மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மூன்று மணிக்கு 499. அந்த அம்மா வரவில்லை. மாப்பிள்ளை எழுந்திருக்கவும் இல்லை.

மாப்பிள்ளையிடம் ஏசியை நிறுத்துங்கள் என்று யார் சொல்வது?

"நீங்களே சொல்லுங்க. ஏசி நீங்க வாங்கினது," என்றாள் மனைவி.

"மாப்பிள்ளை நீ பார்த்தது."

வாசலுக்குப் போய் மெயினை இறக்கினேன். மாப்பிள்ளை வேர்த்துக்கொண்டு வந்தார்.

"கரண்ட் போயிடுச்சா மாமா?"

"ம்."

"பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடுதே?"

"அது வேற லைன்."

தெருக்கோடியில் ரீடிங் அம்மா தெரிந்தார். வேகமாகப் போனேன்.

"எங்க வீட்டுக்கு முதல்ல வாங்கம்மா."

"வரிசையாத்தான் வருவேங்க. இந்தத் தெருவுல எல்லாருக்கும் அவங்க வீடுதான் முதல் வீடு."

அவரோடு வீடு வீடாக நின்றேன். எங்கள் வீடு வர ஒரு மணி நேரம் ஆனது.

வாசலிலேயே சத்தம் கேட்டது. மோட்டார். கிரைண்டர். வாஷிங் மெஷின். ஏசியும்தான்.

மாப்பிள்ளை ஈரக் கையோடு வந்தார்.

"மெயின்தான் இறங்கியிருந்துச்சு மாமா. ஏத்திட்டேன். மறுபடி போயிட்டா என்ன பண்றது? அதான் டேங்க் ரொப்பி, மாவுக்குப் போட்டு, துணியும் போட்டாச்சு."

மனைவி என்னைப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டு ரூம் சுவர்ல இடம் இருக்குப்பா," என்றாள் மகள்.

ரீடிங் அம்மா மீட்டரைப் பார்த்தார். பழையதைக் கழித்துச் சொன்னார்.

501.