பாண்டெலிஸ் தன் கையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்த கடிதம்

அர்மிரா ஊர்ச் சதுக்கத்தில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், நேர அட்டவணை எழுதிய தகரப் பலகை ஒன்று உண்டு. தீவின் தலைநகரான கோராவுக்குப் போகும் காலை பஸ் ஆறேகாலுக்குப் புறப்படும் என்று அதில் எழுதியிருந்தது. கடல் காற்று அந்த எழுத்தை எப்போதோ தின்றுவிட்டது. ஊரில் ஒருவரும் அதற்காக வருத்தப்படவில்லை. பஸ் எப்போது புறப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாருலியோ அத்தை வந்து ஏறி, மூச்சு வாங்கி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "ம், போகலாம்" என்று சொன்ன பிறகு புறப்படும்.

பாண்டெலிஸ் இருபத்திரண்டு வருடமாக அந்தத் தடத்தை ஓட்டினான். தடம் என்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாறை, நடுவில் பஸ்ஸைவிட ஒரு சாண் அகலமான சாலை. ஏழு நிறுத்தங்கள் என்று கணக்கு. ஆனால் யார் கையைத் தூக்கினாலும் அது நிறுத்தம்தான். அத்திமர வளைவில் கை தூக்கினால் நிற்பான். ஆட்டுப்பட்டி வாசலில் நிற்பான். கை தூக்காமல் வெறுமனே முகத்தைச் சுளித்தபடி ஒருத்தர் நின்றால்கூட, "என்ன ஆச்சு?" என்று கேட்பதற்காக நிற்பான்.

ஆட்களைவிடச் சாமான்தான் அதிகம் ஏறியது. கோராவிலிருந்து மருந்து, செருப்பு, மோட்டார் பெல்ட், கல்யாணப் பெண்ணின் முக்காடு. அர்மிராவிலிருந்து பாலாடைக்கட்டி, எலுமிச்சை, கோராவில் படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு. மாருலியோ அத்தையின் பல்செட்டைப் பல் வைத்தியரிடமிருந்து வாங்கிவந்ததும் அவன்தான். கைக்குட்டையில் சுற்றி முன்கண்ணாடி ஓரத்தில் வைத்திருந்தான். வளைவில் கைக்குட்டை அவிழ்ந்துபோய், ஊர் வரும்வரை அந்தப் பல் சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தது. இன்னொரு நாள் வாளியில் வந்த ஆக்டோபஸ் ஏறிவந்து ஹார்னை அழுத்தியதாம், எதிரே நின்ற பாதிரியாரின் கழுதை ஒதுங்கி வழிவிட்டதாம். ஆக்டோபஸ் ஹார்ன் அடித்தது சத்தியம். கழுதை ஒதுங்கியதுதான் பொய். அந்தக் கழுதை பிஷப்புக்கே ஒதுங்கியதில்லை.

இதெல்லாம் முடிந்து கோரா போய்ச் சேரும்போது அட்டவணைக்கு நாற்பது நிமிடம் பிந்தியிருக்கும். பாண்டெலிஸ் அதைத் தாமதம் என்று நினைத்ததேயில்லை. அவ்வளவு நேரம் பிடிக்கிற வேலை அது, அவ்வளவுதான்.

ஜூலை மாதம் ஒரு காலை, காபிக் கடைக்கார ஸரான்டிஸ் நீளமான கவர் ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினான். இந்த ஸரான்டிஸ் சாதாரண ஆள் இல்லை. பாண்டெலிஸின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று, மாப்பிள்ளை பெண் தலையில் கிரீடம் மாற்றிவைத்தவன். அந்த ஊரில் அப்படி மாற்றிவைத்தவன் சொந்தத் தம்பிக்கும் ஒரு படி மேல். சாகும்வரை ஒருவரையொருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கும்பாரே, இதக் கோராவுல உங்க பஸ் ஆபீஸ்ல குடுத்துரு. ஒம்பது மணிக்கு அவங்களுக்கு மீட்டிங். அதுக்குள்ள போய்ச் சேரணும்."

"என்னடா இது, எங்க ஆபீஸுக்கு நீ லெட்டர் எழுதற அளவுக்கு?"

"ஊர் விஷயம்டா. மடக்கிராதே. காபிக் கறை பட்டுறாம பாத்துக்கோ."

"உன் காபி பட்டா கறை எங்க பிடிக்கும்? வெறும் தண்ணிதானே!"

ஸரான்டிஸ் சிரித்தான். வழக்கமாகச் சிரிக்கிற அளவைவிடக் கொஞ்சம் கூடவே சிரித்தான். அதைப் பாண்டெலிஸ் பிற்பாடுதான் நினைத்துப் பார்த்தான். அப்போது அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஊர் விஷயம் என்கிறான், நிழற்குடை கேட்டு எழுதியிருப்பான் என்று எண்ணிக்கொண்டான். கவரைத் தலைக்கு மேலே, தன் பெயருக்குரிய புனித பாண்டெலெய்மோன் படத்துக்குப் பின்னால் செருகினான். ஒன்பது மணிக்குள் சேர்க்க வேண்டுமே என்று மாருலியோ அத்தையை அவசரப்படுத்தினான். ஆட்டுப்பட்டியில் பேச்சை வளர்க்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். ஓடிப்போய்க் கொடுத்தான். அங்கிருந்த பதிவேட்டில் 'கொண்டுவந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டான்.

மூன்று நாள் கழித்து மேலாளர் கலிரோயி அம்மாள் அவனைக் கூப்பிட்டாள். கண்டிப்பானவள், ஆனால் அநியாயக்காரி இல்லை. மேஜைமேல் அதே கவர் பிரிந்து கிடந்தது.

"படிச்சுப் பாருங்க."

படித்தான். 'மேற்படி ஓட்டுநர் நினைத்த இடங்களில் பஸ்ஸை நிறுத்துகிறார். தபால்காரரைப்போல் ஊர்ச் சாமான்களைச் சுமந்து பயணிகளின் நேரத்தை வீணடிக்கிறார். நிறுத்தங்களில் மட்டும் நிற்கிற, பார்சல் ஏற்றாத, நேரம் தவறாத ஓட்டுநர் ஒருவரை எங்கள் ஊருக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.' ஸரான்டிஸின் சாய்ந்த கையெழுத்து. கீழே நாற்பத்தோரு ஒப்பங்கள்.

பாண்டெலிஸ் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினான். முதல் ஒப்பம் ஸரான்டிஸ். இரண்டாவது பாதிரியார், அவருக்கு ஈஸ்டர் மெழுகுவர்த்திப் பெட்டி எட்டைத் தூக்கி வந்திருக்கிறான். மீன்பிடிக்கிற நிக்கிதாஸ், அவன் பெண்டாட்டிக்கு வலி எடுத்தபோது பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டினான், பயணிகள் எல்லாரும் சேர்ந்து போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பள்ளிக்கூட எவந்தியா டீச்சர். கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்திவிட்டு ஒப்பம் போட்டிருந்தாள். பதினேழாவது, நடுங்குகிற பெரிய எழுத்தில், மாருலியோ.

"இது நியாயமில்ல மேடம்," என்றான்.

"நியாயம் இருக்கட்டும். மனுவக் கொண்டுவந்தவர்னு உங்க கையெழுத்து இருக்கே. உங்க மேல நீங்களே புகார் குடுத்த மாதிரியில்ல இருக்கு?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "கேளுங்க. ஒரு வாரம் அட்டவணைப்படி ஓட்டுங்க. ஏழு ஸ்டாப்பு, ஒவ்வொண்ணுலயும் ஒரு நிமிஷம், பார்சல் கிடையாது. சொன்னபடி ஓட்டினா தடம் உங்களுது. ஒரு நாள் தப்பினாலும் கல்குவாரி ஷிப்டு பஸ்ஸுக்கு மாத்திருவேன். எனக்கு வேற வழியில்ல."

மறுநாள் புனித பாண்டெலெய்மோன் திருநாள். பெயர்த் திருநாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார வேண்டும். வருகிறவர்கள் வருவார்கள், வருகிறவர்களை உபசரிக்க வேண்டும். கதவைச் சாத்துவது என்றால் வீட்டில் பிணம் கிடக்க வேண்டும்.

"சாத்திரலாம்," என்றான் பாண்டெலிஸ்.

"பைத்தியமா உனக்கு? யார் செத்தாங்க?" என்றாள் மனைவி அர்க்கிரோ. விஷயம் தெரிந்து இரவெல்லாம் அழுதவள்தான். ஆனாலும் நாலு தட்டு பாதாம் பணியாரம் சுட்டு, மேலே சர்க்கரைத் தூள் தூவி வைத்திருந்தாள்.

நாற்பத்தோரு பேரும் வந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. "நூறு வருஷம் இருய்யா!" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். பணியாரம் தின்றார்கள், நல்லா இருக்கு என்று இரண்டாவது எடுத்தார்கள். பாண்டெலிஸ் தட்டை நீட்டிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு முகமாவது கொஞ்சம் வாடியிருக்காதா என்று தேடினான். எல்லா முகத்திலும் சர்க்கரைத் தூள்தான் இருந்தது. மாருலியோ அத்தை போகிறபோது ஒரு பொட்டலத்தை அவன் மடியில் வைத்து, "நாளைக்கு என் மருமககிட்ட குடுத்துருய்யா, ராசா," என்றாள்.

கடைசியாக ஸரான்டிஸ் திராட்சைச் சாராயப் புட்டியோடு வந்தான். பாண்டெலிஸ் அவனைச் சமையலறைக்குள் இழுத்துப் போனான்.

"கும்பாரே, அந்தக் கவர்ல என்ன இருந்துச்சு?"

ஸரான்டிஸ் புட்டியை மேஜைமேல் வைத்தான். "அட, அதக் காமிச்சுட்டாங்களா? மனசுல வச்சுக்காதடா. என் மாடி ரூம்ல தங்கின ஜெர்மன்காரங்க மூணு பேரு கப்பல விட்டுட்டாங்க. மானம் போச்சு எனக்கு. அதான் எழுதினேன்."

"அன்னைக்கு பஸ் ஏன் லேட்டு? உன் காலி சோடாப் பெட்டி முப்பத்தாற ஏத்திக்கிட்டு நின்னேன்."

"அது வேற, இது வேற."

"எனக்கு எதிரா எழுதியிருக்கியேடா."

"உனக்கு எதிரா எவன்டா எழுதினான்? உன் பேரு எங்கயாவது இருக்கா? டிரைவருக்கு எதிரா எழுதினேன். நீ என் கும்பாரன்!"

பாண்டெலிஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். "சரி, எழுதினே. அத என் கையிலயே ஏன்டா குடுத்தே?"

ஸரான்டிஸ் நிஜமாகவே குழம்பிப்போனான். "வேற யார்கிட்ட குடுப்பேன்? ஒண்ணக் குடுத்தா தொலைக்காம, கசங்காம, சொன்ன நேரத்துக்குக் கொண்டு சேர்க்கிற ஆளு இந்த ஊர்ல நீ ஒருத்தன்தானே?"

அடுத்த நாள் காலை ஆறேகாலுக்குப் பஸ் புறப்பட்டது. ஊர் அதை நம்பவில்லை. மாருலியோ அத்தை சதுக்கத்துக்கு வரும்போது அங்கே புகைதான் இருந்தது. அத்திமர வளைவில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, பஸ் தாண்டிப் போனது. நிக்கிதாஸ் ஒரு பெட்டி மீனைத் தலையில் வைத்துக்கொண்டு அரை மைல் துரத்தினான். மீன்கள் இரண்டு கீழே விழுந்ததைப் பாண்டெலிஸ் கண்ணாடியில் பார்த்தான். பிரேக் பக்கம் கால் தானாகப் போனது. அதைத் திரும்ப இழுப்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது.

நாலு நாளில் ஊரில் மருந்து தீர்ந்தது. கோராவில் படிக்கிற பிள்ளைகள் ரொட்டியும் வெங்காயமுமாகக் கிடந்தார்கள். பழுதுபார்க்கப் போன மூக்குக் கண்ணாடி கோராவிலேயே தங்கிவிட்டதால், பாதிரியார் தவறான பக்கத்தைப் படித்து உயிரோடிருக்கிற ஒருவருக்கு இறந்தோர் ஜெபம் சொன்னார். சதுக்கத்தில் பாண்டெலிஸின் காதுபட எவந்தியா டீச்சர் சொன்னாள்: "இத்தன வருஷம் நம்மோட ஒண்ணாப் பழகினவன். இப்படித் துரோகம் பண்ணுவான்னு யார் கண்டா?"

ஆறாம் நாள் மதியம், பஸ் திரும்பி வந்து நின்றதும், ஸரான்டிஸ் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். கையில் நீளமான கவர்.

"கும்பாரே, ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு. பழைய மாதிரியே ஓட்டச் சொல்லி எழுதியிருக்கோம். நாளைக்கு ஆபீஸ்ல குடுத்துரு."

பாண்டெலிஸ் கவரைப் பார்த்தான். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"பார்சல் ஏத்தக் கூடாது. உன் எழுத்துதான், மூணாவது வரி."

"இது பார்சலாடா? ஒரு காகிதம்!"

"அன்னைக்கு நீ குடுத்ததும் ஒரு காகிதம்தான்."

"சரி, நானே வரேன். நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். காலைல எனக்காக ஒரு நிமிஷம் நில்லு."

பாண்டெலிஸ் ஜன்னலைச் சாத்தினான்.

ஏழாவது நாள். ஸரான்டிஸ் பிறந்ததிலிருந்து ஆறேகாலுக்கு எங்கும் போனவனில்லை. பஸ் சதுக்கத்தை விட்டபோது அவன் கடைக் கதவு மூடியிருந்தது. சாலை வளைகுடாவைச் சுற்றி வளைந்து உப்புக் கிடங்கு நிறுத்தத்துக்கு வரும். ஊரிலிருந்து அங்கே நேராக இறங்க ஒரு படிக்கட்டு உண்டு. பாண்டெலிஸ் நிறுத்தத்தில் நின்றான். யாரும் இல்லை. விதிப்படி கதவைத் திறந்தான்.

படிக்கட்டின் உச்சியில் ஸரான்டிஸ் தெரிந்தான். சட்டைப் பொத்தான் போடாமல், ஒரு கையில் கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். "பாண்டெலி! டேய், பாண்டெலி!" பாதிப் படியில் செருப்பு ஒன்று கழன்றது. அவன் அதை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

பாண்டெலிஸ் கடிகாரத்தைப் பார்த்தான். நாற்பது விநாடி. ஐம்பது. கல்யாணத்தன்று கிரீடத்தை மாற்றும்போது, "பயப்படாதடா, நான் இருக்கேன்ல," என்று ஸரான்டிஸ் தன் காதில் சொன்னது நினைவுக்கு வந்தது.

இன்னும் பத்துப் படி இருந்தது. பாண்டெலிஸ் கதவுப் பொத்தானை அழுத்தினான். கதவு மூடிக்கொண்டது. கடிகாரத்தில் சரியாக ஒரு நிமிடம்.