ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்கு: மூன்று மாதக் குரலோடு ஒரு பயணம்

போன சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு, துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு கொரட்டூரில் ரயில் ஏறினேன். பட்டாபிராமில் இருக்கும் ஷர்மிளா பார்வையற்ற கல்லூரி மாணவி. அவளுக்காக மூன்று மாதம் வரலாற்றுப் பாடங்களைப் படித்துப் பதிவு செய்திருந்தேன். அத்தனையும் இந்த டிஸ்க்கில்தான். அது முந்தின நாள் டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டுத் திறக்காமல் போய்விட்டது. வேறு பிரதி கிடையாது (தெரியும், திட்டாதீர்கள்). வியாழக்கிழமை அவளுக்குத் தேர்வு. பாடங்களை மீட்காமல் வீடு திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

அம்பத்தூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஸ்டேஷன் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்காரர் டிஸ்க்கை மாட்டி ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார்.

"ஃபார்மேட் அடிச்சா புதுசாட்டம் ஆயிடும் மேடம்."

"உள்ள இருக்கிறது?"

"அது பூடும். வேணும்னா பூனமல்லில சலீம் பாய்னு ஒர்த்தர் கீறாரு. அவராண்ட எத்துகினு போங்க."

பிடுங்காத குறையாக டிஸ்க்கை வாங்கிக்கொண்டு ஆவடிக்கு ரயில் பிடித்தேன். அங்கிருந்து பூந்தமல்லி சுமார் பத்து கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சென்னீர்குப்பத்தில் வண்டி நகரவே மாட்டேன் என்றது. முக்கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சலீம் பாய் டிஸ்க்கைத் தன் கருவியில் மாட்டிவிட்டு விளக்கினார். டிஸ்க் எதை எழுதினாலும் கூடவே சில சரிபார்ப்பு எண்களையும் எழுதி வைக்குமாம். காந்தத் தகட்டில் அங்கங்கே அழிந்தால், அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுவிடும். அழிவு அளவு மீறினால் அந்தத் துண்டையே தர மறுத்துவிடும்.

"ரோஷக்காரன்மா இவன். சரியா சொல்ல முடியலன்னா வாயத் தொறக்க மாட்டான். திருத்தாமலே குடுடான்னு கேட்டுப் பாக்கலாம். தப்புந்தவறுமா வரும். பரவால்லியா?"

எனக்கு வருஷங்களை நினைத்துத்தான் பயம். வரலாற்றில் ஓர் எண் போனாலும் மார்க் போய்விடும். ஆனாலும் கேளுங்கள் என்றேன்.

மூன்றரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தது. என் குரல்தான், ஆனால் மழையில் ரேடியோ கேட்பது போல அங்கங்கே கரகரப்பு. புதிய பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, ஆவடி வந்து, பட்டாபிராமுக்கு ரயில் ஏறினேன்.

ஷர்மிளா ஸ்டேஷனிலேயே காத்திருந்தாள். என் லேப்டாப்பில் இயர்போனை மாட்டி வெகுநேரம் கேட்டாள்.

"வருஷமெல்லாம் போயிருக்குமே" என்றேன்.

"போகலக்கா. வருஷம் வந்தா நீங்க ரெண்டு விதமா படிப்பீங்கல்ல? 'ஆயிரத்து எண்ணூற்று ஆறு. ஒன்று, எட்டு, பூஜ்யம், ஆறு.' ஒன்னு கரகரன்னு போனா இன்னொன்னுல கெடைக்குது."

பார்வையற்றவர்களுக்குப் படிக்கும் எங்களிடம் உள்ள வழக்கம் அது. சில நாள் அலுத்துக்கொண்டே செய்திருக்கிறேன். டிஸ்க் செய்கிற வேலையை என் வாயும் செய்திருக்கிறது. பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

உங்கள் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஃபார்மேட் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். எதையும் இரண்டு இடத்தில் வையுங்கள்.

நேற்று தேர்வு முடிந்ததும் ஷர்மிளா கூப்பிட்டாள்.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன்கா. எனக்காக எழுத வந்தவங்கதான் கடைசில கேட்டாங்க, ஏம்மா ஒவ்வொரு வருஷத்தையும் ரெண்டு தடவ சொல்றன்னு."