ஏரியைக் கடந்து வந்த நாலு கோடு

நான் சொல்வதில் பாதி பொய் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அவதூறு. முக்கால்வாசி பொய். இது மிச்சமிருக்கும் கால்வாசியைச் சேர்ந்தது. போன டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு இரண்டு ஞாயிறு முன்பு, பிற்பகல் 3:12க்குத் தொடங்கியது. நேரம் எப்படி இவ்வளவு சுத்தமாகத் தெரியும் என்றால், என் எதிரே கணினி இருந்தது. அதில் ஒழுங்காக ஓடியது கடிகாரம் ஒன்றுதான்.

பிற்பகலில் என்ன பேய் என்பீர்கள். பின்லாந்தின் இந்த வடக்குப் பக்கத்தில் டிசம்பர் மாதம் இரண்டரைக்கே சூரியன் கடையைக் கட்டிவிடும். எங்கள் பேய்கள் நள்ளிரவுவரை கண்விழித்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு எண்பத்தொன்று. ஏரிக்கரையில் தனி வீடு. மனைவி போய் ஆறு வருடம். என் கரையில் வேறு வீடு கிடையாது. எதிர்க்கரையில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, என்சியோ இருந்தான். ஏரி உறைந்துவிட்டால் ஞாயிறுதோறும் சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டு பனிக்கட்டிமேல் வருவான். கையில் ஒரு பை மீன். காபி குடிப்போம். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் சேர்ந்து பேசாமல் இருப்போம். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் நான் தனியாகப் பேசாமல் இருப்பேன். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

என் மகள் மார்கெத்தா தலைநகரத்தில் இருக்கிறாள். முந்தின குளிர்காலத்தில் நான் கால் முறிந்து கிடந்தபோது, தொலைபேசியில் அவளிடம் "இப்பதான் ஆடி முடிச்சு உக்காந்தேன்" என்று சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து என் குரலை அவள் நம்புவதில்லை.

"அப்பா, ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு உங்க மூஞ்ச நான் ஸ்கிரீன்ல பாக்கணும். ரெண்டு வாரம் டிமிக்கி குடுத்துட்டீங்க. இந்த வாரமும் காணலன்னா புதன்கிழம வண்டியோட வந்து நிப்பேன். முதியோர் இல்லத்துல ரூம் சொல்லி வச்சாச்சு."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு."

"ஏரி தெரியுமா?"

"கார் நிறுத்துற இடம் தெரியும்."

ஆகவே அந்த ஞாயிறு நான் சீக்கிரமே தயாரானேன். சவரம் செய்தேன். 2:50க்குக் காபி இயந்திரத்தைச் செருகி, இரண்டு பேருக்குக் காபி போட்டேன். ஏலக்காய் ரொட்டியை நறுக்கி வைத்தேன். 3:12க்குக் கணினியைத் திறந்தேன்.

இணைப்பு இல்லை.

அணைத்துப் போட்டேன். இல்லை. மேசையோடு தூக்கி ஜன்னலோரம் வைத்தேன். இல்லை. கெட்ட வார்த்தை சொன்னேன். அதற்கும் மசியவில்லை. 3:20க்கு என் பொத்தான் போனில் இணைய நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பதினோரு நிமிடம் எனக்காகப் புல்லாங்குழல் வாசித்தார்கள். 3:31க்கு பைவி என்று ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், நல்ல ஜலதோஷம்.

"வைஃபை பெட்டியில விளக்கு எரியுதா ஐயா?"

எட்டிப் பார்த்தேன். சமையல் மேடைப் பக்கம் சிவப்பாக ஒன்று எரிந்தது. "எரியுது."

"பச்சையா?"

"செவப்பு."

"அப்ப பெட்டி போச்சு. செவ்வாய்க்கிழமதான் ஆள் வருவாங்க."

"எனக்கு நாலு மணிக்கு வேணும்மா."

"நான் என்ன மந்திரவாதியா? சரி, கீழ் மூலையில விசிறி மாதிரி ஒண்ணு இருக்கும். அமுக்குங்க. எத்தன வைஃபை பேர் காட்டுது?"

"ஒண்ணு."

"உங்களுதா?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். 'என்சியோவின் போன்'. சிக்னல் ஒரு கோடு. மணி 3:34.

எனக்கு உயிர் வந்தது. என்சியோவுக்கு அவன் பேத்தி புதுப் போன் வாங்கித் தந்திருந்தாள். "உன் நெட்டு செத்தா என் போன்லேருந்து எடுத்துக்கோடா கிழவா" என்று பீற்றிக்கொள்வான். "பாஸ்வேர்டு மட்டும் சொல்ல மாட்டேன். நீ ஊருக்கே சொல்லிடுவ. நானே வந்து என் கையால போட்டுத் தரேன்."

"என் சிநேகிதன்தான், ஏரியத் தாண்டி வந்துட்டிருக்கான்" என்றேன்.

"அப்ப கிட்ட வந்துட்டாரு. போன் சிக்னல் நூறு அடி போனா பெருசு."

ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். என்சியோ தலைவிளக்கு இல்லாமல் இருட்டில் வர மாட்டான்.

ஏரிமேல் வெளிச்சம் எதுவும் இல்லை.

3:41. இரண்டு கோடு.

"கோடு ஏறுதுன்னா ஒண்ணு நீங்க நகரணும், இல்ல அது நகரணும்" என்று தும்மினாள் பைவி.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

வெளியே சத்தம். ஸ்ஸ்ஸ்... நின்றது. ஸ்ஸ்ஸ்... நின்றது. பனிக்கட்டிமேல் எதையோ இழுப்பதுபோல. சறுக்குவண்டி அப்படி நின்று நின்று வராது.

3:44. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். மைனஸ் பதினொன்று. வாசல் விளக்கில் படி தெரிந்தது. மூலையில் என் துடைப்பம். காலையில் விழுந்த பனி, அப்பம்போல முழுசாக. ஒரு காலடி இல்லை.

"என்சியோ! வெளையாடாதடா, காபி ஆறுது!"

கதவைச் சாத்தினேன்.

3:47. மூன்று கோடு.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா இருங்க. வைக்காதீங்க."

3:52. வாசலில்... டொக். மரத்தில் மரம் சாயும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

கதவு திறக்கவில்லை. நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையைப் பார்த்தேன்.

நாலு கோடு.

"முழுசா காட்டுதும்மா."

"அப்ப ஆளு உங்க ரூமுக்குள்ளயே இருக்காரே! அவர்கிட்ட போனக் குடுங்க, நான் பேசறேன்."

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஏரி வாசனை வந்தது. கோடை வாசனை இல்லை. அடி ஏரியின் வாசனை... சேறும் இரும்பும்.

3:58. விசைப்பலகையில் சத்தம்.

டக்.

டக்... டக்.

என் கைகள் மடியில் இருந்தன.

'இணைக்கப்பட்டது.' என்னை அறியாமல் வாய்விட்டுப் படித்தேன்.

"பாத்தீங்களா, கெடச்சிடுச்சு!" என்றாள் பைவி. "யாரு பாஸ்வேர்டு போட்டது?" அத்தோடு என் போன் உயிரை விட்டது.

4:00. கணினி மணி அடித்தது. மார்கெத்தாவின் முகம் வந்தது. நான் சிரித்தேன். எண்பத்தொரு வருடத்தில் அவ்வளவு சிரமப்பட்டுச் சிரித்ததில்லை.

"பரவால்லையே, சவரமெல்லாம் பண்ணிருக்கீங்க!" என்றாள். அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தாள். "அப்பா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நீங்க அங்க தனியா இருக்கீங்க. அதான் பயம்."

இந்த இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்த நாளின் ஒரே பொய்.

"தனியா எங்க இருக்கேன்? என்சியோ இங்கதான் இருக்கான்."

"அதான் பாக்கறேனே" என்றாள் என் மகள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இடது தோள் குளிர்ந்தது. ஜன்னல் இடுக்கு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள முயன்றேன்.

நாற்பத்தொரு நிமிடம் பேசினாள். கடைசியில், "இப்படி ஒரு துணை இருக்குன்னா நான் ஏன் கெடந்து அடிச்சுக்கப் போறேன்? ரூம் வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள். எனக்குப் பின்னால், கொஞ்சம் மேலே பார்த்துக் கையசைத்தாள். வைத்தாள்.

4:41. மூன்று கோடு.

4:44. இரண்டு.

4:49. ஒன்று.

பிறகு... பட்டியல் காலி.

விசைப்பலகையில் எட்டு எழுத்துகள் மட்டும் நனைந்திருந்தன.

மறுநாள் காலை 9:10க்குக் கதவைத் தள்ளினேன். ஏதோ தடுத்தது. ஓங்கித் தள்ளியதும் துடைப்பம் விழுந்தது. வெளியிலிருந்து கதவுக்குக் குறுக்கே சாத்தி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பூட்டு போடுகிறவர்கள் குறைவு. துடைப்பத்தைக் குறுக்கே சாத்தினால் 'வீட்டில் ஆள் இல்லை' என்று பொருள். அதைத் தாண்டி யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கடைசியாக வெளியே போகிறவர்தான் சாத்துவார். துடைப்பத்தின் காம்பில் பனிக்கட்டி ஓடு கட்டியிருந்தது. அதில் நாலு விரல் பிடித்த இடம் மட்டும் பள்ளம்.

பத்து மணிக்கு மீட்புப் படையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள்.

"நேத்து நாலு இருபதுக்கே வந்தோம் பெரியவரே. கதவுல துடைப்பம் இருந்துச்சு. ஆள் இல்லன்னு போயிட்டோம்."

"ஜன்னல்ல விளக்கு எரிஞ்சுதே!"

"டிசம்பர்ல யார் வீட்டு ஜன்னல்லதான் எரியல?"

அதுவும் சரிதான்.

என்சியோ ஏரி நடுவில் இருக்கும் தீவுக்கு அந்தப் பக்கம், நீரோட்டம் ஓடும் இடத்தில், பனிக்கட்டி உடைந்து விழுந்திருக்கிறான். 1:40க்கு. 2:20க்கு உடலை வெளியே எடுத்திருக்கிறார்கள். சறுக்குவண்டியில் மீன் பை இருந்தது. மீன் யாருக்கு என்று ஊருக்கே தெரியும், அதனால்தான் என்னிடம் சொல்ல வந்திருக்கிறார்கள். போன் மட்டும் கிடைக்கவில்லை. பதினாலு மீட்டர் ஆழம்.

செவ்வாய்க்கிழமை நிறுவனத்து ஆள் வந்தார். வைஃபை பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியின் செருகியைப் பிடுங்கி, அந்த இடத்தில் நான் காபி இயந்திரத்தைச் செருகியிருந்தேன். சிவப்பாக எரிந்தது காபி விளக்கு. பெட்டிக்கு ஞாயிறு 2:50லிருந்து உயிரே இல்லை.

மார்கெத்தாவிடம் என்சியோ செத்துப்போன நேரத்தை நான் அடக்கம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா... அன்னிக்கு நான் வைக்கிற வரைக்கும் உங்க எடது தோள்ல ஒரு கை இருந்துதே. தண்ணி சொட்டச் சொட்ட. அது யாரு கை?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. வழக்கம்தான்.

இப்போது என் வைஃபை நன்றாக வேலை செய்கிறது. ஞாயிறு மட்டும் 2:50க்குப் பெட்டியின் செருகியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் காபி இயந்திரத்தைச் செருகுகிறேன். சுவரில் இன்னும் இரண்டு செருகுதுளைகள் காலியாகத்தான் இருக்கின்றன. இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறேன். ஏலக்காய் ரொட்டியை நறுக்குகிறேன். உட்கார்ந்து, பேசாமல் இருக்கிறேன்.

3:34. ஒரு கோடு.