பார்த்தீனியமும் வசந்தியின் கைகளும்

மழை விட்ட காலையில் பார்த்தீனியத்தை வேரோடு இழுத்தால் ஒரு கசப்பு மணம் வரும்... தொண்டைக்குள் இறங்கி நிற்கும்.

என் முதல் வேலை அந்த மணத்தோடுதான் தொடங்கியது.

கிளிநொச்சிப் பக்கம் பிரதேச சபையின் வெறுங்காணி ஒன்று. சிறுவர் பூங்கா வரப்போகிறது என்றார்கள். ஆனால் காணி முழுக்க இடுப்பளவுக்குப் பார்த்தீனியம். கரட் இலை மாதிரி இலை, உச்சியில் பொடி வெள்ளைப் பூ. பார்க்க வடிவுதான். ஆனால் பூத்து விதை கொட்டினால் அடுத்த மழைக்கு இன்னும் அடர்த்தியாக வந்து நிற்கும். அதற்கு முன்னம் கையால் பிடுங்கி, குழியில் போட்டு எரிக்க வேண்டும்.

அந்தத் தற்காலிக வேலைக்கு நானும் வசந்தியும் முரசுமோட்டையிலிருந்து ஒன்றாகச் சைக்கிளில் போவோம். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு. அங்கே எதிலும் நான்தான் முன்னுக்கு. காணிக்குள்ளும் அப்படித்தான்... முதல் கிழமை மட்டும்.

பிறகு என் கைகள் தடித்தன. கையுறை, நீளக்கைச் சட்டை எல்லாம் போட்டும் கழுத்துவரை சிவந்தது. கண்ணிமை வீங்கியது. "இந்தச் செடி உங்களுக்கு ஒத்துவராது, கிட்டவும் போகாதேங்கோ" என்றார் டொக்டர்.

வசந்திக்கு ஒரு பொட்டுத் தடிப்புக்கூட இல்லை.

மேற்பார்வையாளர் நல்ல மனுசன். "பிள்ளை, நீர் இனிக் காணிக்குள்ள இறங்க வேண்டாம். ஒஃபிசில ஒரு ஆள் தேவை, அங்க இரும்" என்றார்.

அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். "ஃபானுக்குக் கீழ கதிரையில இருக்கிற வேலை... வேறென்னடி வேணும் உனக்கு?"

எனக்கு வேண்டியது யன்னலுக்கு வெளியே இருந்தது. ஒவ்வொரு நாளும் பச்சை பின்வாங்க, செம்மண் தெரிந்துகொண்டு வந்தது. அவர்கள் குந்தியிருந்து பிளேன்ரீ குடிக்கிற நேரம் வசந்தியின் சிரிப்பு என் மேசைவரை கேட்கும்.

ஒருநாள் மண் கையோடு ஓடிவந்தாள். "எடியே, வேலிக்கரைப் பக்கம் முழுக்க முடிஞ்சுது! வந்து பாரன்."

"வேலை கிடக்கு" என்றேன். ஒரு வேலையும் கிடக்கவில்லை.

திறப்பு விழா அன்று, காணியைத் துப்பரவாக்கினவர்கள் சார்பில் ரிப்பன் வெட்ட வசந்தியைக் கூப்பிட்டார்கள். அவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்துக் கை நீட்டினாள். "நீயும் வாவனடி..."

நான் போகவில்லை. அவள் வெட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது எனக்கு அதே ஒஃபிசில் நிரந்தர வேலை. பூங்காப் பொறுப்பு வசந்திக்கு. பார்த்தீனியம் இன்னமும் ஓரங்களில் முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று போல் வரிசையாகக் குனிந்து நின்று, கதை பேசிப் பேசிப் பிடுங்குகிற கூட்டம் இல்லை. இரண்டு பேர் வந்து அமைதியாகப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள். அவர்களைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமைதான்...

பின்னேரங்களில் என் மகள் கேட்பாள்: "அம்மா, வசந்தி அன்ரியின்ர பார்க்குக்குப் போவமா?"

"அது சபையின்ர பார்க், பிள்ளை" என்று திருத்துவேன். ஒவ்வொரு முறையும்.

"ஓம் அம்மா" என்பாள்.

கேற்றடியில் என் கையை விட்டுவிட்டு, நேரே வசந்தியிடம்தான் ஓடுவாள்.