கடைசிப் பக்கத்தில் வருகிற பையன்

“…சண்டைக்குப் போன பையன் கடைசிப் பக்கத்துல ஊட்டுக்கு வந்துடறான் சார்,” என்றார் சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர். கையில் காலண்டர் தாளில் அட்டை போட்ட பழைய ரஷ்ய நாவல், தமிழில். தினமும் திருப்பதிக்கு வேலைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை மட்டும் படிப்பாராம்.

“நம்ம பையனும் ஸ்ரீ சிட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போனான். ஆளையே காணோம்.”

என் வாய் சும்மா இருக்குமா? “அது அந்த ரஷ்ய சர்க்கார் மாத்தச் சொன்ன முடிவுங்க. அந்த ஆட்சி போனப்புறம் எழுதினவரே திருத்திப் போட்டாரு. அதுல பையன் திரும்பி வரமாட்டான்.”

அவர் புத்தகத்தை மூடினார். “அப்போ பயந்துக்கினு எழுதினாரா?”

“ஆமாங்க.”

“அந்த பயத்துலயும் புள்ளைய ஊட்டாண்ட கொண்டாந்து உட்டாரே, நல்ல மனுசன்.”

சொல்லிவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.