ஹந்தானை மேட்டில் பதினாலாம் எண்

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை ஹந்தானை மலைக்குப் போனேன். இரண்டு வாரம் கழித்து அதே மலைக்கு, அதே பாதையில், மறுபடியும் போனேன். ஒரே மலைக்கு இரண்டு தடவை போக எனக்கென்ன பைத்தியமா என்று கேட்பவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆபத்துப் படிவத்தைப் பார்த்ததில்லை.

நான் படிப்பது கண்டியில் ஒரு சர்வதேசப் பாடசாலையில். வகுப்பில் பத்தொன்பது பேர். ஆண்டு முடிவில் எல்லோரும் சேர்ந்து ஓரிடம் போவோம். அதற்கு முன்னால் ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவர்களும் அங்கே போய் நடந்து பார்த்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எங்கே வழுக்கும், எங்கே கழிப்பறை, எங்கே போன் வேலை செய்யும், எங்கே நின்று தலை எண்ணுவது என்று நாலு பக்கம். அதன் உண்மைப் பெயர் நீளமானது. நாங்கள் வைத்த பெயர் ஆபத்துப் படிவம்.

தலை எண்ணுவதற்கும் எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. பதிவேட்டில் உள்ள எண்ணை வரிசையாக ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு மொழியில் கத்த வேண்டும். ஒன்று சிங்களத்தில் வரும், இரண்டு கொரிய மொழியில், மூன்று மாலைதீவு மொழியில். என் எண் ஏழு. மிச்சம் அரையை நானாகச் சேர்த்துக்கொண்டேன் என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. 'வெயில் காரணமாகக் கணித பாடம் ரத்து' என்று அறிவித்தல் பலகையில் நான் ஒட்டியதற்கு வேறு எந்தப் பெயர் கிடைக்கும்? அந்தப் பேச்சைக் கிளப்பியவள் ஷிபா. பதினாலாம் எண். திகனயில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், ஆண்டு முடிவுக் குழுவின் செயலாளர், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்துக் கதிரை.

இந்தப் பயணத்தை ஆரம்பம் முதல் திட்டமிட்டவள் அவள்தான். முதலில் ஜூன் முடிவில் என்று இருந்தது. பரீட்சை அட்டவணை மாறியதால் ஜூலை இரண்டாம் சனிக்குத் தள்ளிப் போனது. ஷிபாவின் வாப்பா மூன்று வருடமாக டோஹாவில் வேலை செய்கிறார். குடும்பத்துக்கே விசா கிடைத்து டிக்கெட்டும் போட்டாகிவிட்டது, ஜூலை முதல் புதன்கிழமைக்கு. அதாவது பத்து நாள் வித்தியாசத்தில் அவள் பயணம் அவளுக்கே இல்லை. திகதி மாறிய அடுத்த நாளும் அவள் வந்து, யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால் ஒரு சதி செய்தேன். பார்த்துவரப் போகும் மூவர் நான், ஷிபா, எங்கள் வகுப்பாசிரியை சிவகௌரி மிஸ். மீதிப் பதினேழு பேரும் பெற்றோரிடம் சொல்லிவிட்டு ஒரு வேனில் முன்னால் போய் மேட்டில் ஒளிந்துகொள்ள வேண்டும். பாடசாலைக்கு அது ஒத்திகை. ஷிபாவுக்கு மட்டும் அதுதான் பயணம். மிஸ்ஸிடம் சொன்னபோது யாழ்ப்பாணத்துக் கண்டிப்போடு ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, எல்லா வீட்டு அனுமதிக் கடிதமும் வெள்ளிக்கிழமைக்குள் தன் மேசைக்கு வர வேண்டும் என்றார். வந்தன.

சனிக்கிழமை காலை 8.10க்கு அம்பிட்டியவில் இருந்து நான் கண்டி நகரத்துக்கு வந்துவிட்டேன். ஷிபா அதற்கு முன்பே வந்து, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கீழே கோப்போடு நின்றாள். மிஸ்ஸும் வந்துசேர, ஹந்தானை பஸ் 8.40க்கு எடுத்தது. ஆளுக்கு அறுபது ரூபாய், இருபத்தைந்து நிமிடம், கிட்டத்தட்ட ஐந்து கிலோமீற்றர். ஆட்டோவில் போனால் எழுநூறு கேட்பார்கள். பேசினால் அறுநூறு, ஷிபா பேசினால் ஐநூறு. வளைவுகளில் இடது பக்க ஜன்னலில் நகரம் வந்து வந்து போகும், அந்தப் பக்கம் உட்காருங்கள். நடத்துநர் மிஸ்ஸைப் பார்த்து, "டீச்சர், இந்த மூட்டத்துல மேல போயி என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்று கேட்டார். மூட்டத்தைத்தான் என்றேன். மிச்சக் காசைத் தராமலே போய்விட்டார், நானும் கேட்கவில்லை.

இறங்கும் இடத்தில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் செல்வி அக்காவின் தேநீர்க்கடை. பிளேன்டீ ஐம்பது ரூபாய், இஞ்சி போட்டுத் தருவார். ஷிபா நேரம் எழுதினாள், கழிப்பறையைப் பார்த்து வந்து இரண்டு வரி எழுதினாள், செருப்போடு ஏறக்கூடாது என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அந்த நேரம் எனக்கு ஒரு செய்தி வந்தது. வேன் ஆட்கள் மூட்டத்தில் மெதுவாகத்தான் ஏறுகிறார்களாம், இன்னும் அரை மணி நேரம் எங்களைப் பிடித்துவைக்க வேண்டுமாம். போனை நான் மறைப்பதற்குள் செல்வி அக்கா, "சத்த முன்னாடி ஒரு வேன் நெறய புள்ளைங்க மேல போனாங்க..." என்று தொடங்கினார்.

நான் அட்டை கடிக்கிறது என்று அலறினேன். கதிரை விழுந்தது, தேநீர் கொட்டியது, அக்கா உப்பு எடுக்க உள்ளே ஓடினார். ஷிபா குனிந்து என் காலுறையை உருட்டிப் பார்த்தாள். அட்டை இல்லை. மற்றக் காலையும் பார்க்கச் சொன்னேன். அதிலும் இல்லை. சப்பாத்துக்குள் போயிருக்கும் என்றேன். சப்பாத்துக் கயிற்றில் ஏற்கனவே நான் போட்டிருந்த முடிச்சை அவிழ்க்கப் பதினொரு நிமிடம் ஆனது.

ஷிபா எழுந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் சின்னதாகும்.

"ஒனக்கு எல்லாம் விளையாட்டு தர்ஷி. நான் அன்டைக்கி இல்ல. ஒருத்தர் வழுக்கி உழுந்தா, ஒருத்தர் வழி மாறிப் போனா, ஓடி வர நான் அங்க இல்ல. அதுதான் இன்டைக்கே பாத்துப் பாத்து எழுதுறன். போறத்துக்கு முன்னுக்கு இந்த ஒரு வேலய சரியாச் செஞ்சிட்டுப் போக விடு."

அவள் கையிலிருந்த வகுப்புப் பட்டியல் அப்போதுதான் கண்ணில் பட்டது. பதினாலாவது வரியில் அவளே தன் பெயரை அளவுகோல் வைத்து நேராகக் கோடு போட்டு வெட்டியிருந்தாள். மிஸ்ஸும் அதைப் பார்த்தார். காசைக் கொடுத்துவிட்டு, நடப்போம் என்று மட்டும் சொன்னார்.

கடையிலிருந்து மேட்டுக்கு இரண்டரைக் கிலோமீற்றர். முதல் ஒன்று தேயிலைக்கு நடுவே, பிள்ளைகளோடும் நடக்கலாம். அதற்குமேல் புல், கல், செங்குத்து. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்த்துக்கொள்ளுங்கள். நான் தேய்க்கவில்லை. பாதி வழியில் உண்மையாகவே ஓர் அட்டை என் கணுக்காலைப் பிடித்தது. சொன்னேன், இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேட்டுக்கு வந்தபோது 11.10. முப்பது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஷிபா போனைத் தூக்கிப் பிடித்து நடந்து, பெரிய பாறைக்குப் பக்கத்தில் நாலு கோடு வருகிறது என்று எழுதினாள். '11.20, தலை எண்ணிக்கை, இந்த இடம்' என்றும் எழுதினாள். கடைசியில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: இந்த இடத்தில் குரல் கேட்குமா? நானும் மிஸ்ஸும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி நிற்க வேண்டும், அவள் கூப்பிட்டுப் பார்ப்பாள். இதை நான் திட்டமிடவில்லை. என் திட்டத்தில் இருந்தது எல்லோரும் பாய்ந்து வந்து கத்துவது மட்டும்தான்.

அவள் வாயருகே கை குவித்து, எண்ணத் தொடங்குங்கள் என்று கூப்பிட்டாள்.

மூட்டத்துக்குள்ளிருந்து சிங்களத்தில் "எக்க" என்று வந்தது.

ஷிபா என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறக்கவே இல்லை என்று காட்ட இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். "தூல்" என்று கொரிய மொழியில் வந்தது. கொஞ்சம் கீழேயிருந்து மாலைதீவுக்காரியின் "தினே". அப்புறம் நாலு, ஐந்து, ஆறு. என் முறை வந்தபோது ஏழு என்றேன், குரல் கொஞ்சம் உடைந்தது, காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு, ஒன்பது என்று பாறைக்குப் பின்னால் ஒன்று, புல்லுக்குள் ஒன்று, பதின்மூன்று வரை வந்தது.

பிறகு ஒன்றுமில்லை. பதினைந்தாவது ஆள் அவசரப்படவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. கோப்பு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அதை மார்போடு பிடித்தபடி ஷிபா நின்றாள்.

"பிள்ளை," என்றார் சிவகௌரி மிஸ், "பதினாலு ஆர்?"

முதல் தடவை அவள் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது.

மிச்சம் ஐந்து எண்களும் ஓடி வந்தபடியே சொல்லப்பட்டன. ஷிபா கோப்பால் என் தலையில் மூன்று அடி போட்டாள். அழுதுகொண்டே, வேனில் எத்தனை பேர் ஏறினீர்கள், எத்தனை ஆசனம் என்று விசாரித்தாள். பதினேழு வீட்டுச் சாப்பாட்டிலும் ஒவ்வொரு வாய் அவளுக்குப் போனது. அதில் ஆறு வீடு சீனிச் சம்பல் பணிஸ். மூட்டம் நாலு நிமிடம்தான் விலகியது. வாவியும் நகரமும் தெரிந்தன. அவள் கிழக்கே கை நீட்டி எங்கட வீடு அந்தப் பக்கம் என்றாள். மலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் எல்லோரும் பார்த்தோம். இறங்குகையில் படிவத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: 'கடையில் வீணான நேரம் முப்பது நிமிடம். காரணம், ஏழாம் எண்.'

புதன்கிழமை அவள் போய்விட்டாள்.

ஜூலை இரண்டாம் சனி அவள் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். அன்றைக்கு நல்ல வெயில், ஒருவரும் வழுக்கவில்லை. யாரும் வழி மாறவுமில்லை. செல்வி அக்கா, "அன்னைக்கு ஒன்ன ஏசுன புள்ள எங்க?" என்று கேட்டார். டோஹா என்றேன். அவர் இஞ்சியைக் கூடுதலாகப் போட்டார்.

நாங்கள் மேட்டில் நின்றபோது சரியாக 11.20. மிஸ் பட்டியலை எடுத்தார். என் போன் அடித்தது.

"எண்ணியாச்சா?" என்றாள் ஷிபா. வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை. அங்கே அவளுக்குக் காலை 8.50.

இன்னும் இல்லை, இப்போதுதான் என்றேன்.

"எண்ணுங்க. நான் ஈக்கிறன்."

போனைப் பாறைமேல் வைத்தோம். இந்தத் தடவை இதில் என் கை எதுவும் இல்லை, மிஸ்ஸின் கையும் இல்லை. எக்க, தூல், தினே. ஏழை நான் சொன்னேன். பதின்மூன்று வந்தது. அதற்குப் பிறகு காற்று மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் போனை எட்டப் போனேன். மிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, கொஞ்சம் கரகரப்பாக, பதினாலு வந்தது.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயங்கள். 8.40 பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். போகவர நாலரை மணி நேரம் வையுங்கள். ஜூன், ஜூலையில் மூட்டம் இருக்கும், தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் ஏறாதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், காலுறைக்குச் சவர்க்காரம். அட்டை என்று பொய்க்கு அலறாதீர்கள். மேட்டில் பெரிய பாறைக்குப் பக்கத்தில் போன் நாலு கோடு காட்டும். தூரத்தில் இருப்பவர் யாரையாவது சேர்த்து எண்ணுவதானால், டோஹாவில் இருந்து குரல் வந்துசேர இரண்டு விநாடி ஆகிறது. அடுத்த எண்ணை உடனே சொல்லிவிடாதீர்கள்.