விக்காத வெட்டு

தம்பி கடையை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வராமல் ஏமாற்றிய மத்தியானம். போகும்போது தன் சுழல் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனான். அது அவன் வாங்கிப் போட்டது. மாடிப்படியோ குறுகல். கோபமாகக் கிளம்பியவன் திருப்பத்தில் சிக்கிக்கொண்ட நாற்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான். கீழே இருந்த டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "சக்கரத்தைக் கழட்டித் தரட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

மேலே அக்கா படச்சுருள் சுற்றும் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"கைப்பிடிய முன்னாடி விட்டுத் திருப்புடா."

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு."

"அதைத்தானே பண்ணவிட மாட்டேங்கிற."

நாற்காலி கடகடவென்று இறங்கியது. அதன் பின்னாலேயே தம்பியும். அக்கா, கிழிந்திருந்த சுருளின் ஓரத்துக்குப் பசை நாடா ஒட்டினாள். கோணலாகப் போயிற்று. பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினாள். அதுவும் கோணல்.

அவளைத் தொழிலில் இருப்பவர்கள் விக்கலக்கா என்பார்கள். பேர் வைத்தது தொலைக்காட்சி நிலையம். இளவயதில் அங்கே படச்சுருள் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சிறுவர் நேரத்துக்குப் பழைய கார்ட்டூன்கள் வரும். ஒளிபரப்புக்கு முன் ஒரு பெரியவர் கத்திரியோடு உட்கார்ந்து, ஆகாததை எல்லாம் நறுக்குவார். படச்சுருளில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு காட்சியின் சத்தம் அந்தக் காட்சியின் பக்கத்திலேயே இருக்காது. ஏறக்குறைய ஒரு முழம் முன்னால் தள்ளிப் பதிந்திருக்கும். அதனால் படத்தைப் பார்த்து வெட்டினால், பாட்டு வேறெங்கோ அறுபடும். ஓடிக்கொண்டிருக்கிற இசை 'ஹுக்' என்று ஒரு தடவை தூக்கிப் போடும். அதைத்தான் அவள் விக்கல் என்றாள். எந்தச் சுருளை ஓட்டினாலும் திரையைப் பார்க்காமலே, "இங்க விக்குது, இங்க விக்குது" என்று சொல்வாள்.

"விக்கல் வந்தா யாரோ நினைக்கிறாங்கன்னு அர்த்தம்" என்று ஒருவர் கிண்டலடித்தார்.

"ஆமா, வெட்டுப்பட்ட துண்டுதான் நினைக்குது" என்றாள் அவள். பேர் ஒட்டிக்கொண்டது.

நிலையம் சுருள்களைக் கைகழுவியபோது குப்பைக்குப் போகவிருந்ததில் பாதி இவள் வீட்டுக்கு வந்தது. பெட்டியைத் திறந்தாலே, பழைய சுருள் கெடும்போது வரும் வினிகர் வாடை மூக்கைத் துளைக்கும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஊறுகாய் போட்டா விக்கவாவது செய்யலாம்" என்பாள். பிற்பாடு, வெளியூர்க் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த தம்பி வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். டயர் கடை மாடியில் இரண்டு அறை. அவள் சுருளைச் சுத்தம் செய்து, கிழிசல் ஒட்டி, சத்தத்தைச் சரிசெய்வாள். அவன் அதை டிஸ்க்காக்கி விற்பான். வாங்குகிறவர்கள் சேகரிப்பாளர்கள், பொல்லாத ஜனங்கள். நாயின் வாலில் ஒரு நிழல் குறைந்தால்கூட ஃபோன் போட்டுவிடுவார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: முழுசாக வேண்டும், வெட்டாமல் வேண்டும்.

சண்டை வந்தது ஒரு பூனையால். சுருட்டுப் பிடித்துக்கொண்டு கப்பலேறி ஊர் சுற்றும் பூனை. தாத்தா காலத்துக் கார்ட்டூன். ஒரு படத்தில் பூனையின் கப்பல் துறைமுகத்துக்கு வருகிறது. மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையாக வருகிறார்கள். கன்னங்கரேலென்று, தொங்கும் உதடும் முழங்காலைத் தொடும் கைகளுமாக, குரங்குகள். கூலிக்குப் பதில் பூனை வாழைப்பழம் வீசுகிறது. அவை பாய்ந்து கவ்விக்கொண்டு முரசுச் சத்தத்துக்கு ஆடுகின்றன. தொலைக்காட்சியில் அந்த இடம் ஒருநாளும் வந்ததில்லை. வெறும் விக்கல்தான் வந்தது. அவளிடம் இருந்தது வெட்டுப்படாத சுருள்.

அவர்களுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சாகிறவரைக்கும் அவர் முதுகில் தழும்பு இருந்தது.

"இந்த இடத்தை மட்டும் எடுத்துடலாம் அக்கா" என்றான் தம்பி. "மத்ததெல்லாம் முழுசாப் போடு. இதை வெட்டினாத்தான் கடைகள்ல விக்கும்."

"வெட்டினா விக்கும்தான். எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"நான் வியாபாரத்தைச் சொல்றேன்."

"நான் விக்கலைச் சொல்றேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அதோடு பேச்சு முடிந்தது, தன் பக்கம் ஜெயித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் அப்படி நினைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை, டிஸ்க் அடிக்கும் தொழிற்சாலையிலிருந்து மாதிரி ஒன்று வந்தது. தம்பி அதை ஓடவிட்டான். அவள் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் கையில் ஒட்டிய பிசினைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கப்பல் ஊதியது. அடுத்து முரசு வர வேண்டும். வரவில்லை. பிடில் வந்தது. வழுக்கிக்கொண்டு, எண்ணெய் போட்டதுபோல் வந்தது.

அவள் குழாயை மூடினாள்.

"எங்கடா முரசு? வெட்டிட்டியா?"

"கம்ப்யூட்டர்ல பண்ணேன். சுருள் அப்படியேதான் இருக்கு. ஒண்ணும் கெடல."

"விக்கவே இல்லையே!"

"ஆமா. இசையை இழைச்சு ஒட்டிட்டேன். யாருக்கும் தெரியாது."

அதுதான் அவளுக்குத் தலைக்கேறியது. கத்திரிப் பெரியவர் வெட்டினால் பாட்டு விக்கியது. எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று கேட்கிற குழந்தைக்கும் தெரிந்தது. இவன் வெட்டியதில் தடமே இல்லை. அப்படி ஒரு படத்தை எவனும் வரையவே இல்லை என்பதுபோல் இருந்தது.

"வெட்டினா விக்கணும்டா. வெட்டிட்டு வாயைத் துடைச்சுக்கிட்டுப் போற வெட்டு, அது திருட்டு."

"அப்ப அப்பாவைக் குரங்கா காட்டிக் காசு வாங்கப்போறியா?"

"அப்பாவைக் குரங்குன்னு நான் வரையல. வரைஞ்சவன் பேர் முதல்லயே பெரிய எழுத்துல வருது. அவனைக் காப்பாத்த நீ ஏன் ராத்திரி பகலா உழைக்கிறே?"

"பார்க்கிறவன் சிரிப்பான் அக்கா. அவ்வளவுதான் நடக்கும்."

"சிரிக்கட்டும். யார் சிரிக்கிறான்னு தெரிஞ்சுக்கறேன்."

"உனக்குத் தெரிஞ்சுக்கணும். எனக்குத் தாங்கணும்ல?"

பதில் இல்லாதபோது அவள் குரல் உயரும். "பிடிக்கலன்னா போ" என்றாள். அவன் நாற்காலியைத் தூக்கினான்.

மறுநாள் தொழிற்சாலைக்கு அவளே ஃபோன் செய்து அந்த டிஸ்க்கை நிறுத்தினாள். கம்ப்யூட்டர் அவளுக்கு ஆகாது. எலியைப் பிடிப்பதுபோல் மவுஸைப் பிடித்துக்கொண்டு, முரசையும் வாழைப்பழத்தையும் இருந்த இடத்தில் திரும்ப உட்காரவைத்தாள். பிறகு விநியோகஸ்தர் வந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"ஆரம்பத்துல ரெண்டு வரி போட்டுடுங்கம்மா. அந்தக் காலத்து வழக்கம் அது, யார் மனசையும் புண்படுத்த இல்ல, அப்படின்னு."

"புண்படுத்தத்தானே வரைஞ்சான்?"

"அதை அப்படியேவா எழுத முடியும்?"

"ஏன், எழுத்து தேஞ்சுடுமா?"

எழுதினாள். டிஸ்க்கைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தது:

'இந்தப் படத்தில் மூட்டை தூக்குகிறவர்களைக் குரங்குகளாக வரைந்திருக்கிறார்கள். தெரியாமல் வரையவில்லை, தெரிந்தே வரைந்தார்கள். இதை வெளியிடுவது மூட்டை தூக்கிய ஒருவரின் மகள். வெட்டவில்லை.'

விநியோகஸ்தர் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். பாதிப் பிரதிகளைத்தான் எடுத்துக்கொண்டார். மீதி வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் ஏறியது.

அம்மாவுக்குக் காட்டாமல் வெளியிட அவளுக்கு மனசில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். குரங்குகள் வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உங்கப்பா காது இதைவிடப் பெருசுடி" என்றாள்.

"அம்மா..."

"போடு. யாரும் ஒளிச்சு வைக்க வேணாம். ஆனா எனக்கு இன்னொரு தடவை காட்டாதே." கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "தம்பி சாப்பிட்டானா, என்னன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

டிஸ்க் போன பிறகு திட்டி எழுதினார்கள், பாராட்டி எழுதினார்கள். சேகரிப்பாளரான ஒரு பல் டாக்டர், முரசுச் சத்தத்தை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டதாக அரைமணி நேரம் பேசினார். அதையெல்லாம் அவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். ஒரு ஃபோனைத்தான் விட முடியவில்லை. நல்ல கணீர்க் குரல். ஐந்து டிஸ்க் வேண்டுமாம்.

"நண்பர்களுக்குக் குடுக்கறதுக்கு. அந்தக் குரங்கு வரிசை இருக்கு பாருங்க, அதுக்காகவே! கரெக்டா வரைஞ்சிருக்கான், அவனுங்க அப்படித்தான்." சிரித்தார். வயிறு குலுங்கும் சிரிப்பு.

தம்பி சொன்ன ஆள் இவர்தான். வந்தேவிட்டார்.

"இன்னொரு தடவை சிரிங்க சார்" என்றாள்.

"என்னம்மா?"

"சத்தம் சுத்தமாப் பதியணும். அடுத்த பதிப்புல உங்க சிரிப்பையும் சேர்த்துடறேன். பேரு, தொழில் எல்லாம் போட்டு. வெட்டாம."

எதிர்முனை ஃபோனை வைத்துவிட்டது. அவள் எதையும் பதிவு செய்திருக்கவில்லை. அந்த ஃபோனில் அந்த வசதியே கிடையாது. டயர் கடைக்காரருக்கு இதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பியின் நாற்காலி இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. அந்தக் குரல் சொன்ன "அவனுங்க" அவள் காதை விட்டுப் போக வெகுநேரமாயிற்று. தம்பியால் தாங்க முடியாமல் போனது எது என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. ஆனாலும் அடுத்த பதிப்புக்கு ஆர்டர் கொடுத்தாள். எழுத்தைக்கூட மாற்றவில்லை, கொஞ்சம் பெரிதாக்கினாள்.

வருஷங்கள் ஓடின. அக்காவும் தம்பியும் அம்மாவின் மருந்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறவர்களானார்கள். பூனையைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. ஒருநாள் காலையில், அவள் ஒரு புதுப்பெட்டியைத் திறந்து வாடைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தபோது, கைப்பேசியில் தம்பியிடமிருந்து செய்தி வந்தது.

'அக்கா, நேத்து பாப்பா எங்க அலமாரியில உன் டிஸ்க்கைக் கண்டுபிடிச்சுட்டா. ஆமா, வாங்கி வச்சிருக்கேன், வேற பேர்ல. கூட உட்கார்ந்து நானும் பார்த்தேன். எனக்கு இன்னும் பிடிக்கல, அதுல மாத்தம் இல்ல. நீ எழுதினதைப் படிச்சுட்டு, தாத்தாவை ஏன்ப்பா இப்படி வரைஞ்சாங்கன்னு கேட்டா. எனக்குக் கோபம்தான் வந்துச்சு. யார் மேலப்பான்னு கேட்டா. அத்தை மேல இல்லன்னு சொன்னேன். மீதியை நீ சொல்லு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன். எங்கயும் போயிடாதே.'